சுத்தமான துணி

துணியின் முனையை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கணம் நின்றார் அர்த்தநாரி. பிறகு கண்ணைத் திறந்து, "கஞ்சி இருக்குதுங்க" என்றார், வீட்டில் யாருக்கோ காய்ச்சல் என்று சொல்வது போல.

ஜவுளிக் கடைக்காரருக்குச் சிரிப்பு. "புதுத் துணியில கஞ்சி இல்லாம தேனா இருக்கும்? நீங்க நெய்ததுதானுங்க இது. போன வாரம் நீங்களே கொண்டாந்து போட்டது."

"தெரியுமுங்க. இருந்தாலும் பாத்துக்கோணுமில்ல?"

ராசிபுரத்தில் இந்தப் பழக்கத்தை அறியாதவர் இல்லை. கல்யாண வீட்டில் மரியாதைக்கு வேட்டி வைத்துக் கொடுத்தால், தட்டிலிருந்து எடுத்துச் சம்பந்திகள் முன்னிலையிலேயே நாக்கில் வைப்பார். ஒரு சாவு வீட்டில், பிணத்தின் மேல் போர்த்த வந்த துணியையும் அப்படியே சோதித்துவிட்டார். "இனிமே எங்கண்ணனுக்கு என்ன ஆயிருமுன்னு பாத்தீங்க?" என்று செத்தவரின் தம்பி கேட்டாராம். நியாயமான கேள்வி. அந்தத் தம்பி இன்றுவரை இவரோடு பேசுவதும் இல்லை.

வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்து உட்கார்ந்து, இடுப்புக்கு மேலே ஒரு மனிதரும் கீழே வேறொரு மனிதருமாக ஆகிப்போனார். மேலே இருப்பவர் பொறுமைசாலி. அறுந்துபோன இழைகளை முடிச்சுப் போடுவதற்காகப் பொழுது சாயும்வரை குனிந்திருப்பார். கீழே இருப்பவருக்குக் கால் ஓரிடத்தில் நிலைக்காது. தறியை விட்டு எழுந்தால் தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்துகொண்டே இருப்பார். பெற்றவர்கள் தெரிந்துதான் இப்படிப் பாதி பாதியாகப் பெயர் வைத்தார்கள் என்று தெருவில் ஒரு கேலி உண்டு. அந்தக் கேலியில் உள்ள உண்மை பிற்பாடு அவருக்கே தெரியவந்தது. நஷ்டம் மட்டும் வேறொரு ஜீவனுக்கு.

"நாயின்னாலே எனக்கு ஆவாதுங்க" என்பார். அவர் இதைச் சொல்லும்போதெல்லாம் அவருடைய தறிக்குழியின் விளிம்பில் ஒரு செந்நிறப் பெட்டை நாய் படுத்திருக்கும். அதன் வாலை மிதித்துவிடாமல் மிதிக்கட்டையை எப்படி மிதிப்பது என்பதில் அவருக்குத் தேர்ச்சி உண்டு.

அதன் பெயர் நாடா. தறியில் குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு இங்கும் அங்கும் ஓடும் மரக்கட்டைக்கு இந்தப் பக்கத்து நெசவாளர்கள் நாடா என்பார்கள். இப்போது அந்த நாயைப் பார்ப்பவர்களுக்கு இந்தப் பெயர் ஏன் என்று விளங்காது. அது ஓடுவதில்லை. ஆற அமர எழுந்து, இரண்டு அடி நடந்து, நிழல் இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி படுத்துக்கொள்ளும். பெயர் வைத்த காலத்தில் அது ஓடியது.

தெருவுக்குப் பின்னால் ஒரு நீண்ட பொட்டல். பாவடி என்று பெயர். விடிந்தும் விடியாமலும் அங்கே தறிக்கான நெடுக்கு நூல்களை, அதாவது பாவு என்பதை, நீளமாக இழுத்துக் கட்டுவார்கள். அதற்குக் கஞ்சி தோய்த்து, இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று நார்ப் புருசால் நீவிக்கொண்டே போவார்கள். வெயில் ஏறுவதற்குள் இழை காய்ந்து விறைத்துக்கொள்ள வேண்டும். தனி ஒருவன் செய்யக்கூடிய வேலை அல்ல; இன்று உன் பாவுக்கு நான், நாளை என் பாவுக்கு நீ. ஆகையால் பாவடியில் முறை இல்லாதவனுக்குத் தறி இருந்தும் பிரயோஜனம் இல்லை.

பாவிலிருந்து சொட்டும் கஞ்சியை நக்குவதற்காக எங்கிருந்தோ வந்த குட்டி அது. மற்ற நாய்களுக்கும் அதே ருசிதான். ஆனால் இந்தக் குட்டிக்கு மட்டும் ஒரு கணக்கு எப்படியோ பிடிபட்டது: பாவுக்கு அடியில் நுழைந்தால் அடி, கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் காத்திருந்தால் ஒரு கொட்டாங்கச்சிக் கஞ்சி. அதோடு நிற்காமல், தான் அடி வாங்கிய இடத்தில் வேறு நாயோ ஆடோ வந்தால் விரட்டவும் ஆரம்பித்தது. பாவின் இந்தத் தலைக்கும் அந்தத் தலைக்கும் அது ஓடுவதைப் பார்த்து அர்த்தநாரிதான் பெயர் வைத்தார். நாய் ஆகாத மனிதர் நாய்க்குப் பெயர் ஏன் வைத்தார் என்று யாரும் கேட்கவில்லை.

வருஷத்தில் இரண்டு தடவை இந்த ஏற்பாடு தலைகீழாகப் போகும். பருவம் வந்துவிட்டால், பாவைக் காக்கிற நாயே பாவுக்குச் சத்துரு. ஊரில் உள்ள கடுவன் நாய்கள் எல்லாம் பாவடியில் கூடும், சண்டை போடும், துரத்திக்கொண்டு இழைகளுக்குள்ளே பாயும். மேட்டூர் மின்சாரம் சேலம் கடைவீதிக்கு வந்த வருஷம் ஐப்பசியில் இப்படி ஒரு காலை நேரத்தில் அறுந்தது சாமானியமான பாவு அல்ல. தெரு நாட்டாண்மை வீரபாகு முதலியாரின் பாவு. கஞ்சி ஈரம் காயாத இழைகள் பாதிக்குமேல் மண்ணில் கிடந்தன.

வீரபாகு முதலியார் சத்தம் போடுகிறவர் அல்ல. நடுத்தெருவில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி மெதுவாகப் பேசினார்.

"ஏப்பா அர்த்தநாரி, உங்கூட்டு நாயிக்கு வருசத்துக்கு ரெண்டு கல்யாணம். வேண்டாங்கல. பந்தலுக்கு எம்பாவுதானா கெடச்சுது?"

தெரு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"ஒண்ணு, போதமலைக்கு அந்தப்பக்கம் கொண்டுபோயி உட்டுட்டு வா. இல்லாட்டி, பசங்க தடியெடுத்து அடிச்சுப் போடுவாங்க, நான் தடுக்க மாட்டேன். ரெண்டும் முடியாதுன்னா நீயும் பாவடிக்கு வராதே."

அர்த்தநாரியின் சம்சாரம் அங்கம்மாள் ஒரு யோசனை சொன்னாள். "ஏனுங்க, ஒரு மூணு வாரம் ஊட்டுக்குள்ளயே கட்டிப்போட்டா அடங்கிப்போவுதுங்க. நானு பாத்துக்கறேன்." அது எளிய யோசனை, சரியான யோசனையும்கூட. பிற்பாடு சேலத்து டாக்டரும் கிட்டத்தட்ட இதையே சொன்னார். ஆனால் அர்த்தநாரியின் கீழ்ப்பாதிக்கு மூன்று வாரம் என்பது பெரிய பாரம். வாரந்தோறும் சேலத்துக்குத் துணி மூட்டை ஏற்றிப்போகும் வண்டிக்காரர் செங்கோடன் ஏற்கெனவே அவர் காதில் வேறொன்று போட்டிருந்தார். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துத் துரைமார்கள் தங்கள் பெட்டை நாய்களுக்கு வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்துவிடுகிறார்களாம். அதற்கப்புறம் ஆயுசுக்கும் தொல்லை இல்லையாம். சேலத்திலேயே ஒரு மாட்டு டாக்டர் செய்கிறாராம்.

"ஒரே வெட்டு. அப்புறம் நாட்டாமையும் வாயத் தொறக்க முடியாது" என்றார் செங்கோடன்.

மறுநாள் விடிகாலை நாடாவைத் துணி மூட்டைகளுக்கு நடுவே ஏற்றிக்கொண்டு வண்டி புறப்பட்டது. பின்னால் ஒரு கூட்டம். ராசிபுரத்துக் கடுவன்கள் ஆண்டகளூர் கேட்வரைக்கும் வந்து வழியனுப்பின. அங்கே எல்லைத் தகராறு நடந்து, அந்த ஊர்க் கூட்டம் பொறுப்பேற்றுக்கொண்டது. மல்லூரில் மறுபடி ஆள் மாற்றம். தபால்கூட இவ்வளவு ஒழுங்காகக் கை மாறியதில்லை. எதிரே வந்த வண்டிக்காரர்கள் எல்லாம், "மாப்ள ஊட்டுக்காரங்க எத்தன பேருங்க?" என்று கேட்டார்கள். "எல்லாருமே மாப்ளதானுங்க" என்று செங்கோடன் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். அர்த்தநாரி மட்டும் துண்டைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, மகளுக்கு வந்த பழியைச் சுமப்பவர் போல உட்கார்ந்திருந்தார். இதை எனக்குச் சொன்னவர் செங்கோடன். அர்த்தநாரி இந்தப் பயணத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

டாக்டர் தண்டாயுதபாணி நாயைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். "இப்ப வேண்டாம்யா. பருவத்துல இருக்கற நாய்க்கு உள்ளே ரத்தக்குழாயெல்லாம் தடிச்சு வீங்கி நிக்கும். தொட்டாப் பீச்சும். வெச்சுத் தெச்சாலும் ஆறறதுக்கு நாளாகும். இப்பக் கூட்டிட்டுப் போய்க் கட்டிப் போடு. ரெண்டு மாசம் கழிச்சுக் கொண்டா, சுலபமா முடிச்சுக் கொடுத்துடறேன்."

"கூட்டிட்டுப் போனா அடிச்சுக் கொன்னுபோடுவாங்க சாமி."

"கட்டி வைக்க வீடு இல்லையா உனக்கு?"

வீடு இருந்தது. ஒரே அறை, அதில் பாதி தறி. கதவும் இருந்தது. அங்கம்மாளும் இருந்தாள். ஆனால் போன வண்டியிலேயே, அதே நாயோடு, அதே மாப்பிள்ளைக் கூட்டம் சூழத் தெருவுக்குள் திரும்பிப் போவதை நினைத்துப் பார்த்தார் அர்த்தநாரி. அந்தத் தெருவில் வீரபாகு முதலியார் நின்றுகொண்டிருப்பார். அர்த்தநாரி டாக்டரின் காலைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் இரண்டு தடவை காலை உதறிப் பார்த்தார். மூன்றாவது தடவை, "செத்துப்போனா என்னைக் கேட்கக்கூடாது" என்றார். எத்தனையோ காரியங்களுக்கு உத்தரவு கிடைப்பது இப்படித்தான்.

நாய் சாகவில்லை. குளோரோபாரத்தில் மயங்கிக் கிடந்தது. டாக்டர் சொன்னது போலவே ரத்தம் பீச்சியது. டாக்டரின் சட்டை நனைந்தது. கட்டிக் கட்டி நிறுத்தினார். கடைசியில் வயிற்றைத் தைத்தபோது அர்த்தநாரி கூட நின்று பார்த்தார். அந்தக் கோலத்திலும் தொழில் புத்தி விடவில்லை. ஊருக்கு வந்ததும் அவர் பெருமையாகச் சொன்ன முதல் சேதி: "பட்டு நூல்ல தெச்சாருங்க. எங்கூட்டு நாயிக்கு!"

மறுநாள் புறப்படும்போது டாக்டர் வழிமுறைகளைச் சொன்னார். ஓடவிடாதே, தாண்டவிடாதே. வாசனை போகச் சில நாள் ஆகும், அதுவரை கடுவன்களை அண்டவிடாதே. புண்ணில் தண்ணீர் படக்கூடாது. முக்கியமாக நக்கவிடாதே, வயிற்றைச் சுற்றிச் சுத்தமான துணியாகப் பார்த்துக் கட்டி, முதுகுமேல் முடிச்சுப் போடு.

சுத்தமான துணி. இந்த இரண்டு சொற்களில்தான் எல்லாம் போயிற்று.

டாக்டருக்குச் சுத்தமான துணி என்றால் வெந்நீரில் கொதித்து வெயிலில் காய்ந்த துணி. நெசவாளனுக்கோ, ஒரு தடவை அலசிய துணிகூடப் பழசு. ஆறு கண்ட துணி, வண்ணார் கை கண்ட துணி. சுத்தம் என்றால் கோடித் துணி. தறியிலிருந்து அறுத்த துணி, ஒருவர் உடம்பும் படாதது, தண்ணீர் காணாதது, சாமிக்குச் சாத்துவது. இருவரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். தலையையும் ஆட்டிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அர்த்தநாரி தறியிலிருந்த துணியிலேயே ஒரு முழம் அறுத்தார். விரல் பட்டால் மொடமொடவென்று சத்தம் போட்டது. அங்கம்மாள் பதறினாள்.

"ஏனுங்க, கோடிய எதுக்குங்க சுத்தறீங்க? எழவூட்டுல போத்தற மாதிரி இருக்குது. எம் பழஞ்சேல ஒண்ணு கெடக்குது, தரட்டுங்களா?"

"பழங்கந்தலக் கட்டறதுக்கா பட்டுல தெச்சு உட்டாரு? நெசவுக்காரன் ஊட்டு நாயி. சும்மா இரு நீயி."

அங்கம்மாள் சும்மா இருந்தாள். அவள் சொன்ன காரணம் தப்பு. சொன்ன முடிவு சரி. படித்தவர்களாகிய நமக்கு இந்த வரிசை பிடிப்பதில்லை. காரணம் தப்பாக இருந்தால் முடிவைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டோம். அர்த்தநாரி படிக்காதவர், அவரும் போட்டுக்கொள்ளவில்லை.

தறிக்குழியின் ஓரத்தில் வைக்கோல் பரப்பி நாடாவைப் படுக்கவைத்தார்கள். வாசலில் கடுவன்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன. தெருவழியே போன வீரபாகு முதலியார் ஒரு கணம் நின்று, "வைத்தியம் பாத்தும் மாப்ளைங்க போவலியேப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அர்த்தநாரி ஒரு கழியை மடியில் வைத்துக்கொண்டு நெய்தார். தறி நின்றால் நாய் முனகும். நாடா ஓடும் சத்தம் கேட்டால் தூங்கும். ஆகவே வேண்டிய துணியை விட அதிகமாகவே நெய்தார்.

ஆனால் அது எதையும் தின்னவில்லை. பால் வைத்தார்கள், சோறு பிசைந்து வைத்தார்கள், மோந்துகூடப் பார்க்கவில்லை. வெறுமனே கண்ணைத் திறந்து படுத்திருந்தது. நாய் ஆகாத மனிதருக்கும் சோறு இறங்கவில்லை. அங்கம்மாள் அங்காளம்மனுக்கு ஒரு முடிச்சு முடிந்து வைத்தாள்.

பிறகு ஒரு மத்தியானம் நெய்துகொண்டே குனிந்து பார்த்தார். நாடாவின் நாக்கு அசைந்தது. தலையைத் திருப்பித் தன் வயிற்றுக் கட்டை மெல்ல மெல்ல நக்கிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தை அவர் என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். "சந்தோசமாப் போச்சுங்க எனக்கு. நாக்கு அசையுது, பசி வந்திருச்சு, பொழச்சுக்கிச்சுன்னு நெனச்சேன். இவளைக் கூப்பிட்டுக் காட்டுனேன். ரெண்டு பேருமா நின்னு பாத்துக்கிட்டு இருந்தமுங்க."

நக்கவிடாதே என்று டாக்டர் சொன்னது அவருக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. புண்ணை நக்கவிடாதே என்றுதானே சொன்னார்? அது துணியைத்தானே நக்குகிறது? அந்த நம்பிக்கையோடு நூல் வாங்கிவர வெளியே போனார். அங்கம்மாள் குறுக்கு நூலைத் தார்க் குச்சியில் சுற்றப் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

குட்டியாய் இருந்த நாளிலிருந்து எதற்காகப் பாவடியில் காத்திருந்ததோ அந்த ருசி முழுவதும் அதன் வயிற்றைச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. எஜமானரே தோய்த்த கஞ்சி. நக்க நக்கத் துணி ஊறியது. ஊறின துணி தளர்ந்தது. தளர்ந்ததைப் பல்லால் பிய்த்துச் சப்பியது. துணி தீர்ந்ததும் அடியில் இருந்த பட்டு நூலை அது விடவில்லை.

முதலில் திரும்பி வந்தவள் அங்கம்மாள். வீல் என்று ஒரு சத்தம் போட்டாள். கொடியில் கிடந்த தன் பழைய சேலையை உருவி, திறந்து கிடந்த வயிற்றோடு சேர்த்து நாயை இறுகச் சுற்றி மடியில் போட்டுக்கொண்டாள். அர்த்தநாரி வந்தபோது அவள் பஸ் நிற்கும் இடத்துக்கே போய்விட்டிருந்தாள். முன்பு ஒரு தரம், "நாயெல்லாம் ஏத்தறதில்லம்மா" என்று சொன்ன அதே கண்டக்டர், சேலையில் பரவியிருந்த சிவப்பைப் பார்த்துவிட்டு முன்சீட்டைக் காலி பண்ணிக் கொடுத்தார். பின்னால் ஓடிவந்த அர்த்தநாரி கடைசிப் படியில் தொற்றிக்கொண்டார்.

டாக்டர் சேலையை மெதுவாகப் பிரித்தார். அதில் ஒட்டியிருந்த புதுத் துணியின் துணுக்கு ஒன்றை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார்.

"சுத்தமான துணியில்ல கட்டச் சொன்னேன்?"

"சுத்தமான துணிதானுங்க! தறியில இருந்து நானே அறுத்ததுங்க!"

டாக்டர் துணுக்கை மோந்து பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. கோபப்படுவதற்காக வாயைத் திறந்தவர், யார்மேல் என்று தெரியாமல் மூடிக்கொண்டார். பிறகு அங்கம்மாளின் சேலையைத் தூக்கிக் காட்டினார். வருஷக் கணக்கில் அலசி அலசி, நூல் நூலாய் நைந்து, கைக்குள் பஞ்சு மாதிரி அடங்கிவிட்ட சேலை.

"இதுதான்யா சுத்தமான துணி" என்றார்.

அர்த்தநாரி தான் நெய்த துணுக்கை அவர் கையிலிருந்து வாங்கி நாக்கில் வைத்துப் பார்த்தார். அன்று ஆரம்பித்ததுதான்.

இரண்டாவது தையலுக்குப் பிறகு நாயை டாக்டர் தன்னிடமே வைத்துக்கொண்டார். மாட்டுக்குக் கட்டும் வாய்க்கூடையைச் சின்னதாக முடையச் சொல்லி மாட்டினார். கொதிக்க வைத்த பழந்துணியாக அங்கம்மாள் வாரந்தோறும் செங்கோடன் வண்டியில் கொடுத்து அனுப்பினாள். அவளிடம் உடுத்த மாற்றுச் சேலை குறைந்துகொண்டே வந்தது. புண்ணில் சீழ் வைத்தது, வடிந்தது, மறுபடி வைத்தது. இரண்டு தடவை பிழைக்காது என்று சொல்லியனுப்பினார்கள். இரண்டு தடவையும் பிழைத்தது.

வயிற்றில் கயிறு மாதிரி தடித்த தழும்போடு நாடா திரும்பி வந்தபோது, கடுவன்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெரு திருப்தி அடைந்தது. அர்த்தநாரிக்குப் பாவடியில் முறையும் கிடைத்தது. கேட்ட வரம் எல்லாம் கிடைத்துவிட்ட மனிதர் எப்படி இருப்பார் என்று பார்க்க விரும்புகிறவர்கள் அந்த நாட்களில் அவரைப் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு ஒரு நாள் நாடா தறிக்குழிக்குள் இறங்கி மண்ணைப் பறித்தது. மூலையில் கிடந்த கழிவு நூலை வாய் வாயாகக் கவ்வி வந்து மெத்தை போட்டது. அர்த்தநாரி ஒரு முழ நூலைக்கூட வீணாகப் போகவிடாதவர். அன்று கழிவு நூல் மூட்டை முழுவதையும் அவிழ்த்து உதறிக் கொடுத்தார். அந்த மெத்தையில் படுத்த நாய், தறிமேல் இருந்த மர நாடாவைக் கவ்விக் கொண்டுபோய் வயிற்றோடு அணைத்துக்கொண்டது. அதை நக்கியது. அங்கம்மாள்கூடக் கிட்டே போனால் உறுமியது. மடிகளில் பால் கட்டியிருந்தது.

செங்கோடன் மூலமாக டாக்டருக்கு விஷயம் போயிற்று. "அந்த உடம்பு ஒரு கணக்குப் போட ஆரம்பிச்சிருந்துது. நான் நடுவுல நிறுத்திட்டேன். உடம்புக்குச் சேதி போய்ச் சேரல. கொஞ்ச நாள்ல தானே அடங்கிடும்" என்று பதில் வந்தது. கூடவே, "எப்பக் கொண்டான்னு அன்னிக்குச் சொன்னேன்னு ஞாபகம் இருக்கான்னு கேளு" என்றும் சொல்லியிருந்தார். ஞாபகம் இருந்தது. அப்போது சரியாக இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அந்த மர நாடா அர்த்தநாரியின் அப்பா காலத்தது, கை பழகியது. அதை நாயிடமிருந்து அவர் வாங்கவில்லை. பக்கத்து வீட்டில் ஒன்று இரவல் வாங்கி நெய்தார். பிறகு ஒரு நாள் நாய் அந்தக் கட்டையை விட்டு எழுந்து வெயிலில் போய்ப் படுத்துக்கொண்டது. அதற்கப்புறமும் அவர் அதைத் தறியில் போடவில்லை. இன்றும் குழியின் மூலையில், நூல் மெத்தைமேல் அப்படியே கிடக்கிறது. கேட்டால், "வளைஞ்சு போச்சுங்க, ஓடாது" என்பார். நான் எடுத்துப் பார்த்தேன். வளையவில்லை.

பாவடியில் இப்போது ஆடுகளின் ராஜ்யம். வீரபாகு முதலியாரின் பாவுக்கு அடியிலேயே போன மாதம் ஒரு வெள்ளாடு புகுந்து புறப்பட்டது. மறுநாள் காலை அவர் அர்த்தநாரியின் வாசலுக்கு வந்தார்.

"அந்த நாயிய ஒரு நாலு நாளைக்குப் பாவடிப் பக்கம் அனுப்பு அர்த்தநாரி."

"அது ஓடாதுங்க மாமா."

"முன்னயெல்லாம் ஓடுச்சேப்பா?"

"ஆமாங்க."

இருவரும் நாயைப் பார்த்தார்கள். நாய் நிழலைப் பார்த்தது. வீரபாகு முதலியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். போகிறபோது குனிந்து நாயின் நெற்றியில் ஒரு விரலை வைத்துவிட்டுப் போனார்.

சென்ற வாரம் அர்த்தநாரியின் முறை. நானும் பாவடிக்குப் போயிருந்தேன். வேலை முடிந்து எல்லோரும் புருசை உதறிக்கொண்டு நிழலுக்குப் போனார்கள். அவர் மட்டும் பானையில் மிஞ்சிய கஞ்சியைப் பழைய கொட்டாங்கச்சியில் ஊற்றி எடுத்துக்கொண்டு, வேலியோரம் படுத்திருந்த நாடாவிடம் போனார். ஒவ்வொரு முறையும் இப்படித்தான் கொண்டுபோகிறாராம். சேலத்திலிருந்து திரும்பிய நாளிலிருந்து அது கஞ்சியைத் தொட்டதில்லை. அது அவருக்கும் தெரியும்.

"பொறுத்திருந்தா ஆயிருக்குமுங்க" என்றார் என்னிடம். "மூணு வாரம். இவ சொன்னா. டாக்டரு சொன்னாரு. தறி அச்சுல ஒவ்வொரு இழையா நூல் பொணைக்கறதுன்னா எத்தன நாளும் உக்காருவேன். இதுக்கு உக்காரலையே?"

கொட்டாங்கச்சியை அதன் முகத்துக்கு நேரே வைத்தார். நாடா மோந்து பார்த்தது. அவரைப் பார்த்தது. தலையை அந்தப் பக்கம் திருப்பி, மோவாயைத் தரையில் வைத்துக்கொண்டது. அங்கே கல்லும் முள்ளுமாக இருந்தது.

அர்த்தநாரி தோளிலிருந்து துண்டை எடுத்தார். கரை போய், நிறம் போய், நடுவில் ஓட்டை விழுந்த துண்டு; அங்கம்மாள் எத்தனை முறை துவைத்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. அதன் முனையை நாக்கில் வைத்து, கண்ணை மூடி, சற்று நேரம் இருந்தார். அப்புறம் இன்னொரு முனையையும் வைத்துப் பார்த்தார். பிறகுதான் அதை நாலாக மடித்து, நாயின் தலையைத் தூக்கி, அடியில் வைத்தார்.